பதினோரு நிமிட விமானம்: கேமரன் மலையில் மூடிக் கிடக்கும் தேயிலை ஆலைக்குள் ஒரு போட்டி

மகளுக்கு அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் வேலை. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் நான் போனேன். இல்லையென்றால் மாப்பிள்ளையோடு ஒரே வண்டியில் கேமரன் மலை ஏற எனக்கு ஒரு காரணமும் கிடையாது.

மாப்பிள்ளை தினகரன் ஈப்போவில் ஒரு தொழிற்கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். மற்ற நேரமெல்லாம் ரப்பர் விமானம் செய்கிறார். பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. ஈர்க்குச்சியைவிட லேசான மரக்குச்சியில் ஒரு சட்டம், அதன்மேல் வெங்காயத் தோலைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள், அடியில் நீளமாக ஒரு ரப்பர் வளையம். ரப்பரை முறுக்கி விட்டால் அது அவிழ்கிற வரைக்கும் மூக்கில் உள்ள விசிறி சுற்றும். கூரைக்கு அடியில்தான் பறக்கும். வெளியே கொண்டுபோனால் ஒரு பெருமூச்சு போதும், தொலைந்தது.

இதற்குப் போட்டி வைக்கிறார்கள். போட்டிக்கு விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு போட்டியாளரும் நேரம் பிடிக்க ஓர் ஆளைக் கூட்டி வரவேண்டும் என்பது அதில் ஒன்று. வழக்கமாக மகள் போவாள். "ஸ்டாப்வாட்ச அமுக்கத் தெரிஞ்சா போதும்மா. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி எனக்கே இல்ல" என்று சொல்லி என் தலையில் கட்டினாள்.

என் ஞாபகம்தான் சிக்கல். கல்யாண மண்டபத்தில் படம் பிடிக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, "லயத்து ஆளுங்கெல்லாம் பின் வரிசையில நிக்கட்டும்" என்று படக்காரனிடம் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, எங்கள் பக்கத்தைத்தான் சொன்னார். மாப்பிள்ளை பக்கத்தில் மாலையோடு நின்றார். கேட்டார். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து நான் அவரிடம் நேராகப் பேசுவதில்லை. அவரும் புரிந்துகொண்டு பேசுவதில்லை. இந்தக் கட்டுரையை நான் கையால் எழுத, மகள்தான் கணினியில் ஏற்றுகிறாள். இந்தப் பத்தியை வெட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஈப்போ புந்தோங்கில் என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினோம். தாப்பா வழியைவிட இது அகலமான பாதை, வளைவும் குறைவு, டோல் கிடையாது. ஆனால் சிம்பாங் பூலாயை விட்டால் கம்போங் ராஜா வரைக்கும் பெட்ரோல் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு கீழேயே ஊற்றிக்கொள்ளுங்கள். வயிறு குமட்டுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருவது நல்லது. நான் முன்னால்தான் உட்கார்ந்தேன், மடியில் ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு. பின் இருக்கையில் வைத்தால் குலுங்கும் என்று மகள் போனில் சொன்னாள். பெட்டிக்குள் இரண்டு விமானம். பெட்டியின் கனம் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று வழியில் மூன்று முறை மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.

பேசாமல் எப்படி விதிகளைச் சொல்லிக் கொடுப்பது? மாப்பிள்ளை அதற்கு வழி வைத்திருந்தார். வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பார்த்துப் பேசினார்.

"பிள்ளையாரே, விமானம் கைய விட்டுப் போற நொடியில வாட்ச அமுக்கணும். தரையத் தொட்ட நொடியில நிறுத்தணும்."

"பிள்ளையாரப்பா, எங்கேயாவது மாட்டிக்கிட்டா?" என்றேன் நானும் பிள்ளையாரிடம்.

"கூரையிலயோ கம்பியிலயோ சிக்கினா வாட்ச நிறுத்தக்கூடாது. பத்து செகண்டு எண்ணணும். அதுக்குள்ள தானா விடுபட்டுப் பறந்தா டைம் அப்படியே ஓடும். பத்து ஆகியும் அசையலேன்னா நிறுத்திட்டு, அந்தப் பத்த கழிச்சிடணும்."

"யாராச்சும் போய் எடுத்துவிட்டா?"

"எடுக்கக்கூடாது. பறந்துக்கிட்டு இருக்கிறத மனுசன் யாரு தொட்டாலும் அதோட முடிஞ்சுபோச்சு. தொட்ட நொடியில வாட்ச நிறுத்தணும். சுவருக்குப் பக்கம் போனா, கயிற்றில கட்டின பலூனால மெதுவா திருப்பலாம். அது மட்டும்தான். சிக்கினதுக்கு அப்புறம் பலூனும் கூடாது."

மேலும் சொன்னார். இறக்கை ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ரப்பர் இல்லாமல் நிறுத்தால் ஒன்றரை கிராமுக்குக் குறையக்கூடாது. ஆளுக்கு நான்கு முறை பறக்கவிடலாம், அதில் சிறந்தது கணக்கு. ஒவ்வொரு பறப்புக்கும் இரண்டு பேர் நேரம் பிடிப்பார்கள், ஒருவர் சொந்த ஆள், இன்னொருவர் வேறு போட்டியாளரின் ஆள். இரண்டு வாட்சையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அதுதான் நேரம்.

பதினோரு நிமிடத்தைத் தாண்டினால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் குழுவில் பெயர் வரும். மூன்று வருடமாக மாப்பிள்ளை பத்தரையிலேயே நிற்கிறார். நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் குழுவில் எடுப்பதில்லை, அவருக்கு வரும் தையில் நாற்பத்தைந்து. இதையும் பிள்ளையாரிடம்தான் சொன்னார்.

கம்போங் ராஜாவில் ஏழே காலுக்கு நிறுத்தினோம். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் நம் ஆட்கள் நடத்தும் கடை. இரண்டு தோசை, ஒரு ரொட்டி சானாய், இரண்டு தே தாரிக், எல்லாம் பதினொரு வெள்ளி இருபது காசு. சட்னி புளித்திருந்தது. சொன்னேன், மாற்றித் தந்தார்கள். கியா பார்மில் சனி ஞாயிறு வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஸ்ட்ராபெரி வாங்குகிறேன் என்று ஆளாளுக்கு நடுச்சாலையில் நிறுத்துவார்கள். எட்டு மணிக்கு முன்னால் அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். நாங்கள் கடந்தோம்.

அதற்கு அப்புறம் வண்டி பிரதான சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கியது. ஒரு வண்டிதான் போகலாம். எதிரில் லோரி வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் தேயிலைச் செடி, செடிக்கு மேல் பனி. மூன்றாவது வளைவில் ஒரு பாறை, பாறைக்கு அடியில் முனியாண்டி சாமி, சாமிக்கு முன்னால் ஒரு சுருட்டு. அந்த வளைவு என் காலுக்குத் தெரிந்த வளைவு. தினமும் விடியற்காலை கூடையோடு நடந்தது.

"பிள்ளையாரே, இது எந்தத் தோட்டம்?" என்றேன்.

மாப்பிள்ளை பெயரைச் சொன்னார். நான் பிறந்த தோட்டம். கல்யாணமாகி ஈப்போ வந்தபின் நான் அந்தப் பெயரை வீட்டில் சொன்னதே இல்லை. பிள்ளைகள் கேட்டால் "மலையில ஒரு தோட்டம்" என்பதோடு சரி. அதனால் அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. இங்கேயும் எழுதவில்லை. இப்போதிருக்கும் முதலாளி வேறு, அவரோடு எனக்கு வழக்கு இல்லை. அப்போதிருந்த துரையோடு இருக்கிறது. அவர் செத்தும் இருக்கிறது.

என் தங்கச்சி சரோஜா அந்த ஆலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தாள். பறித்து வந்த பச்சை இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, கிளறி, துவள விடுவார்கள். சரோஜாவுக்கு ஒரு குணம். கண்ணில் பட்டதைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டாள். என் சோப்பு, என் சீப்பு, நான் கடைக்குக் கட்டிக்கொண்டு போக மடித்து வைத்த சேலை, எதையும் கேட்டு எடுத்தவளில்லை. ஒருநாள் சன்னல் வழியாகக் குருவி ஒன்று மாடிக்குள் வந்துவிட்டது. கடைசித் தொட்டிக்கு மேலே விட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்ததாம். இவள் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று கையை நீட்டியிருக்கிறாள். இலை தள்ளும் திறப்பு வழியாகக் கீழே விழுந்தாள், எழவில்லை. நான் அப்போது கீழே சலிக்கும் இடத்தில் நின்றேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து பார்த்துவிட்டு, "வேல நேரத்துல வெளையாட்டு" என்று சொன்னார். மறுநாள் காலை வழக்கம்போல மணி அடித்து இயந்திரத்தை ஓட்டினார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிராணியின் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆலை வாசலில் காவல்காரர் ராமு இருந்தார். அறுபது வயது, தலையில் கம்பளித் தொப்பி. நுழைவுக் கட்டணம் பார்வையாளருக்கு ஐந்து வெள்ளி, போட்டியாளரோடு வந்தவருக்கு இல்லை. கழிவறை வெளியே பின்பக்கம் இருக்கிறது, சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே குளிர் அதிகம். கம்பளி கொண்டு போங்கள்.

இயந்திரங்களை எல்லாம் விற்றுவிட்டார்கள். மேல்மாடிப் பலகைகளையும் பிரித்து எடுத்துவிட்டதால் தரையிலிருந்து கூரைத் தகரம் வரைக்கும் ஒரே வெற்றிடம், மூன்று மாடி உயரம் இருக்கும். விமானக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் தூரத்துச் சுவரோடு ஒட்டி, மேலே, மாடியின் ஒரு துண்டு மட்டும் அப்படியே நின்றது. ஒரு கட்டில் அகலம். அதில் ஒரே ஒரு தொட்டி. முன்பக்கம் துருப்பிடித்த கம்பி. அங்கே ஏறப் படிக்கட்டு இல்லை.

"அத மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்று ராமுவிடம் கேட்டேன்.

"பிரிக்க வந்த ஆளுங்க மத்ததெல்லாம் பிரிச்சாங்கக்கா. அதுக்கு ஏணி வச்சாங்க. ஏறினவன் எறங்கி வந்து, நான் வேல செய்யலன்னு டூல்ஸ எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ரெண்டாவது ஆளும் அப்படித்தான். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்கென்ன, நான் கீழதானே இருக்கேன் லா."

"ஆலை ஓடின காலத்துல?"

"எங்கப்பா சொல்வாரு. அந்தக் கடைசித் தொட்டியில எலை பரப்ப மாட்டாங்களாம். பரப்பினா காலையில பாதி எலை கிளறி இருக்குமாம். யாரு கிளறினதுன்னு தெரியாது."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

ஒன்பது மணிக்கு நடுவர் குணா சார் எல்லாரையும் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பேச்சில் மணி அடித்தது போல ஒழுங்கு. கதவெல்லாம் மூடி, சன்னல் இடுக்கில் டேப் ஒட்டியிருந்தது. "யாரும் ஓடக்கூடாது, கைய வீசி நடக்கக்கூடாது. ஒங்க ஒடம்புச் சூட்டுக்கே காத்து மேல ஏறும், விமானம் அது மேல ஏறிக்கும். அதனால எல்லாரும் வாசப்பக்கம் ஒரே எடத்துல நில்லுங்க" என்றார். பதினாறு போட்டியாளர்கள், அவர்கள் கூட்டி வந்தவர்கள், கொஞ்சம் பார்வையாளர்கள். எல்லாரும் வாசல் பக்கம் ஒண்டிக்கொண்டு நின்றோம். ஆலையின் மற்ற பாகம் முழுவதும் காலி.

முதல் விமானம் தைப்பிங்கிலிருந்து வந்த லிம் என்பவருடையது. அதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? விமானம் என்றால் சத்தம் என்று நினைக்கிறோம். இதில் சத்தமே இல்லை. மனிதன் நடக்கிறதைவிட மெதுவாகப் போகிறது. விசிறி சுற்றுவதை எண்ணலாம். மேலே மேலே வட்டமிட்டுக்கொண்டே, எதையோ தேடுவதுபோலப் போகிறது. நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறோம்.

லிம்மின் விமானம் சூடு இருக்கும் எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூரத்துச் சுவரை நோக்கி நகர்ந்தது. அந்த மாடித் துண்டுக்கு நேர்கீழே போனதும் சட்டென்று மேலே ஏறியது. ஒரு ஆள் கீழே நின்றால் எப்படி ஏறுமோ அப்படி.

லிம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மலாயில் கேட்டார்: "சியாப்பா பெர்டிரி சானா?" யார் அங்கே நிற்கிறது என்று அர்த்தம். யாரும் நிற்கவில்லை. ராமு போய் டார்ச் அடித்துப் பார்த்தார். தரையும் சுவரும்தான் இருந்தன.

அதற்கப்புறம் பறந்த எல்லா விமானமும் அந்த மூலைக்குத்தான் போனது. எல்லாம் அங்கேதான் ஏறின. போட்டியாளர்களுக்கு மகிழ்ச்சி, நேரம் கூடுகிறதே என்று. நான் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் முதல் பறப்பு கூரை ஆணியில் இடித்து நான்கு நிமிடத்தில் இறங்கியது. இரண்டாவது எட்டரை நிமிடம். எனக்கு ஜோடியாக நேரம் பிடித்தவள் அஸ்மா, லிம் கூட்டி வந்த பெண், வங்கியில் வேலையாம். இரண்டு முறையும் எங்கள் வாட்சுகள் ஒரு நொடிகூட வித்தியாசப்படவில்லை. "மாக் சிக் கை ரொம்ப ஷார்ப் லா" என்றாள். மாக் சிக் என்றால் மலாயில் அம்மா வயதுப் பெண்ணைக் கூப்பிடும் முறை.

மதியம் சாப்பாடு வெளியே ஒரு வேனில் விற்றார்கள். நாசி லெமாக் நான்கு வெள்ளி, பரவாயில்லை. இரண்டு மணிக்குள் பனி இறங்கி வந்து ஆலையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. சன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளை. உள்ளே விளக்கைப் போட்டார்கள்.

மாப்பிள்ளையின் மூன்றாவது பறப்பு அப்போதுதான். ரப்பரை முறுக்கும்போது அவர் உதடு முணுமுணுப்பதைப் பார்த்தேன். மற்றவர்கள் எறிவார்கள். இவர் எறியவில்லை. காற்றில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் வாட்சை அமுக்கினேன்.

அது நன்றாக ஏறியது. வழக்கம்போல அந்த மூலைக்குப் போனது. ஒன்பது நிமிடம் ஆகும்போது மாடித் துண்டின் உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது, ரப்பரில் இன்னும் நிறைய முறுக்கு இருந்தது. "பதினொண்ணு தாண்டிரும்" என்று யாரோ மூச்சுக்குள் சொன்னார்கள். அந்த நேரம் இறக்கை நுனி துருக்கம்பியில் மாட்டிக்கொண்டது. விமானம் நின்றது. விசிறி மட்டும் சுற்றியது.

நான் எண்ணத் தொடங்கினேன். பக்கத்தில் அஸ்மாவும் வாய்விட்டு எண்ணினாள். மாப்பிள்ளை அசையாமல் நின்றார். அவர் கையில் பலூன் கயிறு இருந்தது. அவர் அதைத் தூக்கவில்லை.

ஐந்து எண்ணும்போது, கம்பிக்குப் பின்னால் இருந்து ஒரு கை வந்தது. அவசரமில்லாமல் வந்தது. முழங்கை வரைக்கும் தெரிந்தது. அதற்கப்பால் இருட்டு. விரல் நுனியெல்லாம் கறுப்பு, தேயிலைப் பால் பிடித்துக் காய்ந்த கறுப்பு. மணிக்கட்டில் சிவப்புக் கண்ணாடி வளையல் மூன்று. அந்த வளையல் என்னுடையது. தாப்பா திருவிழாவில் நான் வாங்கியது நான்கு. ஒன்று உடைந்தது. மிச்சம் மூன்றைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் அன்றைக்கு அவள் வேலைக்குப் போனாள்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறக்கையைப் பிடித்தன. பூவைப் பறிப்பதுபோலக் கம்பியிலிருந்து எடுத்தன. விட்டன.

நான் வாட்சை நிறுத்தினேன்.

விமானம் விடுபட்டுப் பறந்தது. அஸ்மா கைத்தட்டாத குறையாக, "லெப்பாஸ், லெப்பாஸ்" என்றாள், விடுபட்டுவிட்டது என்று. மேலும் இரண்டரை நிமிடம் வட்டமிட்டு, எங்கள் காலடிக்குப் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஆலையில் ஒரே ஆரவாரம். மாப்பிள்ளையின் கண் கலங்கியிருந்தது.

குணா சார் வாட்சுகளை வாங்கிப் பார்த்தார். அஸ்மாவினுடையது பதினொரு நிமிடம் நாற்பது. என்னுடையது ஒன்பது நிமிடம் ஐந்து.

"என்னம்மா இது, கை பட்டு நின்னுடுச்சா?"

"இல்லிங்க சார். நான்தான் நிறுத்தினேன்."

"ஏன்?"

"தொட்டாங்க. தொட்டா நிறுத்தணும்னு விதி."

"யாரு தொட்டா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மேல இருந்து ஒரு கை" என்றேன். "என் தங்கச்சி கை."

யாரும் சிரிக்கவில்லை. ராமு மட்டும் தொப்பியைக் கழற்றினார். குணா சார் மாடித் துண்டைப் பார்த்தார், படிக்கட்டு இல்லாத சுவரைப் பார்த்தார். அப்புறம் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிடாமல், எல்லார் முன்னாலும் நிதானமாகச் சொன்னார்.

"தினகரன், ரெண்டையும் சேத்து வகுத்தா பத்து நிமிசம் இருவத்திரெண்டு. ஆனா ஒரு வாட்ச் தப்புன்னு போட்டியாளர் சொன்னா, நான் விசாரிச்சு அத ஒதுக்கலாம். அதுக்கும் விதி இருக்கு. நீங்க சொல்லணும். ஒங்க ஆளு தப்பா பிடிச்சுட்டாங்கன்னு. வயசானவங்க, குளிரு, கண்ணு மங்கியிருக்கும்னு. அவ்வளவுதான். பதினொண்ணு நாப்பது நிக்கும்."

லிம்கூடத் தலையாட்டினார், "பத்துல் லா, நியாயம்தான்" என்று.

மாப்பிள்ளை விமானத்தைக் கையில் எடுத்தார். இறக்கையைத் திருப்பி விளக்கில் பிடித்தார். தாளில் கறுப்பாக ஒரு சிறு பொட்டு இருந்தது. கம்பித் துருவாகவும் இருக்கலாம். அதைத் துடைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். பிள்ளையார் அங்கே இல்லை.

"அத்த, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் மாப்பிள்ள."

"நல்லா?"

"வளையல்கூடத் தெரியும்."

அவர் குணா சாரிடம், "அவங்க வாட்ச் சரி சார். பத்து இருவத்திரெண்டு எழுதிக்குங்க" என்றார்.

"இந்த வருசத்தோட ஒங்களுக்கு வயசு வரம்பு முடியுதுப்பா. யோசிச்சுச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் சார்."

இன்னும் ஒரு பறப்பு பாக்கி இருந்தது. அவர் பெட்டியிலிருந்து இரண்டாவது விமானத்தை எடுத்து, வேறு ரப்பர் போட்டு முறுக்கினார். முறுக்கி முடித்ததும் என்னிடம், "அவங்க பேரு என்னங்க அத்த?" என்று கேட்டார். சொன்னேன்.

நான் மாடித் துண்டைப் பார்த்துக் கத்திச் சொன்னேன். நாற்பது பேர் நிற்கிறார்களே என்று பார்க்கவில்லை. "சரோஜா, இது மாப்பிள்ளையோட சாமான். கைய வைக்காத. வேணும்னா கேட்டு வாங்கு."

விமானம் போனது. நேராக அந்த மூலைக்கு. ஏறியது. கம்பியைத் தாண்டி, இடிக்காமல், மாட்டாமல், மாடித் துண்டின்மேல் போய், தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தது. கை வரவில்லை. அஸ்மாவும் நானும் பத்து எண்ணினோம். அசையவில்லை. வாட்சை நிறுத்தினோம். பத்தைக் கழித்து ஆறு நிமிடம் சொச்சம். எங்கள் வாட்ச் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"நீள ஏணி ஒண்ணு லயத்துல இருக்கு சார், கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றார் ராமு. அவர் குரலில் விருப்பமில்லை.

"வேணாம் அண்ணே. இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

குழுவில் லிம்மின் பெயரும் இன்னும் இருவர் பெயரும் வந்தன. நாங்கள் தானா ராத்தாவில் அறை எடுத்திருந்தோம், இரண்டு அறை, ஒன்று நூற்று முப்பது வெள்ளி. சுடுதண்ணீர் வந்தது. மறுநாள் காலை தாப்பா வழியாக இறங்கினோம். வளைவு அதிகம், அருவி பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. வழியில் பேசிக்கொண்டு வந்தோம். அவர் சரோஜாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கல்யாண மண்டபத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் அம்மாமேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அது வேறு கணக்கு.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆலை போட்டி நாளில் மட்டும்தான் திறக்கும், மற்ற நாளில் ராமுவைக் கேட்டால் வாசல் வரைக்கும் விடுவார். சனிக்கிழமை போனால் திரும்பும்போது கியா பார்ம் வழியைத் தவிருங்கள். உள்ளே கைபேசி வெளிச்சம் அடிக்காதீர்கள், விமானக்காரர்கள் கோபிப்பார்கள். நேரம் பிடிக்கக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல முடியும் என்றால் மட்டும் போங்கள். உங்களைக் கூட்டிப் போகிறவர் அதற்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ராமு போனில் கூப்பிட்டார். விமானம் தொட்டிக்குள்தான் இருக்கிறதாம், இறக்கை விளிம்பு கீழிருந்து தெரிகிறதாம். பனி இறங்கும் நேரத்தில் மட்டும் இருப்பதில்லையாம். விடிந்தால் இருக்கிறதாம். "பறக்குதாக்கா அது? ரப்பரு யாரு முறுக்குறா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு இனி குழுவில் இடமில்லை. ஆனாலும் அந்தப் போட்டிக்கு வரும் வருடமும் போகிறார், நேரம் பிடிக்க என்னையே வரச்சொல்லியிருக்கிறார். இப்போது என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து புதிதாக மூன்று விமானம் செய்துகொண்டிருக்கிறார். ஒன்று போட்டிக்கு, ஒன்று உபரி. மூன்றாவதற்கு மட்டும் அளவு பார்க்கவில்லை, நிறுக்கவும் இல்லை. இறக்கைக்குச் சிவப்புத் தாள் ஒட்டுகிறார்.